கோட்டுருக்களைப் பிறப்பாக்குதல்: புதிதாய் வருவோருக்கு ஒரு விளக்கம்

நான் இயந்திரக் கற்றல் துறையில், அதாவது கணினியை எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கச் செய்யும் துறையில், ஆய்வு செய்கிறேன். என் வேலை கோட்டுருக்களை (ஆங்கிலத்தில் கிராஃப்) பிறப்பாக்கும் மாதிரியுருக்களைப் பற்றியது. மாதிரியுரு (மொடல்) என்றால் இங்கே கணினியில் ஓடும் ஒரு கணித அமைப்பு. கடைசியாக யாழ்ப்பாணம் வந்திருந்தபோது நல்லூரில் ஒரு கலியாண வீட்டில் இதைச் சொல்ல நேர்ந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என் பெரியப்பா, "கிராஃப் எண்டால் எக்ஸ் அச்சும் வை அச்சும்தானே தம்பி, அதைக் கீற உங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய கம்பியூட்டர்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மாமி, "அப்பிடி இல்லை அண்ணை, இவன் கம்பியூட்டரிலை மருந்து கண்டுபிடிக்கிறானாம்" என்று அவரைத் திருத்தினார்.

பெரியப்பாவின் கேள்வி ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வந்தது. மாமியின் விளக்கம் நாளிதழ்த் தலைப்புகளிலிருந்து வந்தது. இரண்டையும் அன்று பந்தியில் இருந்தபடி தெளிவாக்க என்னால் முடியவில்லை. ஆகவே கணிதப் பின்னணி இல்லாதவரும் தொடரக்கூடிய விதத்தில், இந்த மாதிரியுருக்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அச்சுகள் இல்லாத வரைபு

எங்கள் பாடசாலைகளில் வரைபு என்றால் ஒரு சார்பின் வளைகோடு. தாளில் இரண்டு அச்சுகளைக் கீறி, புள்ளிகளைக் குறித்து, கோட்டால் தொடுக்கிறோம். ஆங்கிலத்தில் கிராஃப் என்ற அதே சொல் முற்றிலும் வேறொன்றையும் குறிக்கும்: சில பொருள்கள், அவற்றுள் எது எதனோடு தொடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி, அவ்வளவுதான். இந்த இரண்டாவது பொருளுக்குத் தமிழில் கோட்டுரு என்ற சொல் உண்டு. இக்கட்டுரை முழுவதும் அதையே பயன்படுத்துகிறேன். தொடுக்கப்படும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு கணு. இரண்டு கணுக்களுக்கு இடையிலான தொடுப்பு ஓர் இணைப்பு.

எங்கள் தீவுப்பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குடாநாடு, வேலணைத்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு என்று எட்டுக் கணுக்களை எடுத்துக்கொள்வோம். மண்டைதீவை எளிமைக்காக விட்டுவிடுகிறேன். அந்த ஊரவர் பொறுத்தருள வேண்டும். குடாநாட்டிலிருந்து பண்ணை வழியாக வேலணைத்தீவுக்கும், பொன்னாலை வழியாகக் காரைநகருக்கும் தெரு உண்டு. வேலணைத்தீவிலிருந்து புங்குடுதீவுக்கும் தெருவால் போகலாம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு போகிறது. வேலணைத்தீவின் ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் கடல்வழி, காரைநகருக்கும் கடல்வழிதான். எட்டுக் கணுக்கள், எட்டு இணைப்புகள். அவற்றுள் மூன்று தெரு, ஐந்து கடல். இணைப்புக்கும் வகை உண்டு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கோட்டுருவைத் தாளில் கீறும்போது நெடுந்தீவை மேலே வைத்தாலென்ன, கீழே வைத்தாலென்ன, ஒன்றும் மாறாது. தூரமும் திசையும் கோட்டுருவில் இல்லை. எது எதனோடு என்பது மட்டுமே இருக்கிறது. ஒரு கணுவில் வந்து சேரும் இணைப்புகளின் எண்ணிக்கைக்குப் படி என்று பெயர். வேலணைத்தீவின் படி 5, நெடுந்தீவின் படி 1. படகு ஓடாத நாளில் எந்தத் தீவு தனித்துப்போகும் என்பதை அறிய நிலப்படம் தேவையில்லை, இந்த எட்டு இணைப்புகளின் பட்டியலே போதும். பாலங்களையும் நிலத்துண்டுகளையும் இப்படி வெறும் தொடுப்புகளாக்கிப் பார்த்தவர் கணிதவியலாளர் ஒயிலர். கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒரே ஒரு முறை கடந்து உலாவ முடியாது என்பதை அவர் 1735 இல் சென்ட் பீட்டர்ஸ்பேர்க் அறிவியற் கழகத்தில் காட்டினார். கோட்டுருவியல் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வது வழக்கம்.

கள்ளில் இருக்கும் கோட்டுரு

ஆய்வாளர்கள் கோட்டுருக்களைப் பிறப்பாக்க மெனக்கெடுவதற்குத் தீவுகள் காரணமல்ல. மூலக்கூறுகளே முதன்மையான காரணம். அணுக்கள் கணுக்கள்; வேதிப் பிணைப்புகள் இணைப்புகள்; ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்பன இணைப்பின் வகைகள்.

பனங்கள்ளுப் புளிக்கும்போது உண்டாகும் எதனோலில் இரண்டு காபன், ஆறு ஐதரசன், ஓர் ஒட்சிசன் உள்ளன. ஐதரசன்களை விட்டுவிட்டுப் பார்த்தால் அதன் கோட்டுரு காபன்–காபன்–ஒட்சிசன் என்று நிற்கும். ஒட்சிசனை நடுவே மாற்றி, காபன்–ஒட்சிசன்–காபன் என்று தொடுத்தால் அது டைமெதயில் ஈதர். அணுக்களின் பட்டியலில் எள்ளளவும் மாற்றமில்லை. ஆனால் எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவம். டைமெதயில் ஈதரோ அறை வெப்பநிலையில் வாயு, மறை 24 பாகையிலேயே கொதித்துவிடும். ஒன்று கள்ளு முட்டியில் நிற்கும், மற்றது நிற்காது. பொருள்களின் பட்டியலைவிடத் தொடுப்பின் முறையே பண்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறிய சான்றை நான் அறியேன்.

சுருக்கமாக: கோட்டுரு என்பது கணுக்களும் இணைப்புகளும். இடம், திசை, கீறும் அழகு எதுவும் அதில் சேராது. மூலக்கூறு ஒரு கோட்டுரு. இணைப்பு மாறினால் பொருளே மாறிவிடும்.

பிறப்பாக்குதல் என்றால் என்ன

மின்பிறப்பாக்கி என்ற சொல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் படித்த தலைமுறை நாங்கள். பிறப்பாக்க மாதிரியுரு என்பதிலும் அதே சொல்தான் இருக்கிறது. ஆனால் இது பிறப்பிப்பது புதிய எடுத்துக்காட்டுகளை.

உயர்தர வகுப்புத் தனியார் கல்வி நிலையங்களில் வழங்கும் மாதிரி வினாத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியர் இருபது ஆண்டுக் கடந்தகால வினாத்தாள்களைப் படித்து, எந்தப் பகுதியிலிருந்து எத்தனை வினா வரும், எது எதனோடு சேர்ந்து வரும், எது ஒருபோதும் வராது என்பதை உள்வாங்கி, பிறகு தானாக ஒரு தாளை எழுதுகிறார். அந்தத் தாள் முன்பு எந்த ஆண்டிலும் வந்ததல்ல. ஆனால் உண்மையான தாள்களின் நடுவே அதைச் செருகினால் வேறுபடுத்திக் காண்பது கடினம். பிறப்பாக்க மாதிரியுரு செய்வதும் இதுதான். பழைய தாளை ஆண்டை மாற்றி அச்சடிக்கும் ஆசிரியரும் இருக்கிறார். அவரை மாணவர் இரண்டு கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவர். மாதிரியுருக்களிலும் அந்த ஏமாற்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

இதற்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு. எந்தக் கோட்டுரு எவ்வளவுக்கு நிகழக்கூடியது என்று எல்லாக் கோட்டுருக்களுக்கும் நிகழ்தகவைப் பங்கிட்டு வைத்தால் அந்தப் பங்கீடு ஒரு நிகழ்தகவுப் பரம்பல். மாதிரியுருவைப் பயிற்றுதல் என்பது கையிலுள்ள எடுத்துக்காட்டுகள் எந்தப் பரம்பலிலிருந்து வந்திருக்கக்கூடுமோ அதற்கு நெருங்கிய ஒன்றைக் கற்கச் செய்வது. பிறப்பாக்குதல் என்பது கற்ற பரம்பலிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுப்பது. குலுக்கல் என்பதால் ஒவ்வொரு முறையும் வேறொன்று வரும். "சிறந்த விடையைக் கம்பியூட்டர் கண்டுபிடித்தது" என்ற செய்தித் தலைப்பு இந்த இடத்திலேயே பிழையாகிவிடுகிறது: மாதிரியுரு சிறந்ததைத் தேடவில்லை, தான் கண்டவற்றைப் போன்ற ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது.

காசு சுண்டிக் கோட்டுரு ஆக்கலாமா

எட்டுக் கணுக்களுக்கு இடையே 28 சோடிகள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் இணைப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே ஆக்கக்கூடிய கோட்டுருக்கள் 2 இன் 28 ஆம் அடுக்கு, அதாவது 268,435,456. பத்துக் கணுக்களானால் 45 சோடிகள். தொகை 35 இலட்சம் கோடியைத் தாண்டிவிடும். இந்தப் பரப்பில் பெரும்பகுதி குப்பை. எந்த மூலக்கூறுக்கும் எந்த ஊருக்கும் பொருந்தாத சிக்கல்களே அதில் நிறைந்திருக்கின்றன.

மிகப் பழைய பிறப்பாக்க மாதிரியுரு இந்தச் சோடிகளுக்குக் காசு சுண்டியது. பவுல் ஏடோசும் அல்பிரட் ரென்யியும் 1959 இல் தற்செயல் கோட்டுருக்கள் பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டனர். அதே ஆண்டில் கில்பேட் என்பவர் தனியாக எழுதிய வடிவமே இன்று பாடநூல்களில் அதிகம் வழங்குகிறது: ஒவ்வொரு சோடிக்கும் ஒரே அளவு சாய்வுள்ள காசை ஒருமுறை சுண்டு, தலை விழுந்தால் தொடு. கணிதத்தில் இது மிக அழகானது. ஆனால் உலகம் இப்படி இல்லை.

ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஒவ்வொருவருக்கும் சராசரியாகப் பத்துச் சிநேகிதர் என்று வையுங்கள். காசு சுண்டி ஆக்கிய ஊரில் உங்கள் சிநேகிதர் இருவர் தமக்குள்ளும் சிநேகிதராக இருக்கும் நிகழ்தகவு நூற்றுக்கு ஒன்றுதான், ஏனெனில் காசுக்கு அவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள் என்பது தெரியாது. உண்மையான ஊரில் சிநேகிதரின் சிநேகிதரைத் தெரியாதிருப்பதே அரிது. இப்படி மூன்று கணுக்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை முக்கோணம் என்போம். தீவுக் கோட்டுருவிலும் ஒரு முக்கோணம் இருக்கிறது: குடாநாடு, வேலணைத்தீவு, காரைநகர்.

பிறகு வந்தோர் விதிகளைக் கையால் திருத்தினர். பராபாசியும் அல்பேட்டும் 1999 இல் முன்வைத்த விதி, ஏற்கெனவே அதிகம் தொடுக்கப்பட்ட கணுவையே புதியவர் நாடுவர் என்பது. சனம் நிற்கும் கடைக்கே சனம் போகும். அந்த விதியால் சில கணுக்களுக்கு மிகப் பெரிய படி உண்டாவது விளங்கியது. முக்கோணங்கள் போதிய அளவு வரவில்லை. ஒரு பண்பைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. எதனோலின் ஒட்சிசனுக்கு இரண்டு பிணைப்புக்கு மேல் ஆகாது என்பதையோ, ஆறு காபன் வளையம் ஏன் அடிக்கடி வருகிறது என்பதையோ இப்படி விதி விதியாக எழுதி முடிப்பது யாராலும் ஆகாது. விதிகளை எழுதுவதை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கச் செய்வோம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் எழுகிறது.

எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

இந்தத் துறையில் வருவோர் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. வெளியில் இருந்து பார்ப்போருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை; அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கணினிக்குக் கோட்டுருவை எண்களாகக் கொடுக்க வேண்டும். கணுக்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டு, எட்டு நிரையும் எட்டு நிரலும் கொண்ட ஒரு தாயத்தை எழுதி, தொடுப்பு உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 போடுவது வழக்கம். இதை அயல் தாயம் என்போம். இலக்கமிடுவது யார் விருப்பம்? குடாநாட்டை 1 என்றும் தொடங்கலாம், நெடுந்தீவை 1 என்றும் தொடங்கலாம். எட்டுக் கணுக்களுக்கு 40,320 விதமாக இலக்கமிடலாம். எழுதப்படும் தாயங்கள் பல்லாயிரம் வடிவம் கொள்ளும், கோட்டுரு ஒன்றேதான்.

கலியாண வீடுகளில் மூத்தோர், "நீர் ஆற்றை பெடியன்?" என்று தொடங்கி உறவைப் பிடிப்பார்களே, அதை நினையுங்கள். ஒருவர் உங்கள் அம்மாவின் வழியே தொடங்கி, அவரின் சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி என்று போவார். இன்னொருவர் புங்குடுதீவிலிருந்த பூட்டனிலிருந்து இறங்கி வருவார். இரண்டு கதையும் வேறு வேறு வரிசையில் சொல்லப்படும், குடும்பம் ஒன்று. கதைகளை மட்டும் கேட்ட ஒருவர் இவை இரண்டு குடும்பங்கள் என்று நினைத்துவிட்டால் எவ்வளவு குழப்பமோ, அவ்வளவு குழப்பம் அயல் தாயத்தை அப்படியே நம்பும் மாதிரியுருவுக்கும் நேரும். வசனத்துக்குச் சொல்வரிசை உண்டு, நிழற்படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் இடம் உண்டு. கோட்டுருவுக்கு இரண்டும் இல்லை. வசனங்களையும் படங்களையும் ஆக்கும் முறைகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

இதற்கான மருந்து கோட்டுரு நரம்பு வலையமைப்பு. பெயர் அச்சமூட்டினாலும் அதன் வேலை ஒழுங்கையில் செய்தி பரவுவது போன்றதே. முதற்சுற்றில் ஒவ்வொரு கணுவும் தன்னைப் பற்றிய செய்தியைத் தன் அயலவருக்குச் சொல்கிறது. கேட்ட கணு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித் தன் நிலையைத் திருத்திக்கொள்கிறது. இரண்டாம் சுற்றில் அயலவரின் அயலவர் செய்தியும் வந்து சேர்கிறது. முக்கியமான சொல், கூட்டுதல். மூன்று எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே யாருக்கு எந்த இலக்கம் போட்டோம் என்பது விடையைப் பாதிக்காது. எந்தச் செய்திக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதை மாத்திரம் வலையமைப்பு எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது.

இதுவரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால்: நாம் கற்க விரும்புவது கோட்டுருக்களின் பரம்பல், காசு சுண்டுவதும் கையால் எழுதிய விதிகளும் அதற்குப் போதவில்லை, கணுக்களுக்கு இயல்பான வரிசை இல்லாததால் வரிசையைச் சாராத வலையமைப்பு வேண்டும். இனி அந்த வலையமைப்பைக் கொண்டு எப்படிப் புதிய கோட்டுருவை ஆக்குவது என்பதே மீதி.

பெட்டி இழைப்பது போல

ஒரு வழி, பனையோலைப் பெட்டி இழைப்பது போலப் படிப்படியாக ஆக்குவது. 2018 இல் வந்த கிராஃப்ஆர்என்என் என்ற மாதிரியுரு இந்த வகையில் பெயர் பெற்றது. ஒரு கணுவை வை, அடுத்த கணுவைக் கொண்டுவா, அது முன்பு வைத்தவற்றுள் எவற்றோடு தொடுக்கப்படும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானி, பிறகு அடுத்தது. ஒவ்வொரு தீர்மானமும் முன்பு செய்தவற்றைப் பார்த்தே எடுக்கப்படுவதால் காசு சுண்டுவதில் இருந்த குருட்டுத்தனம் இங்கே இல்லை. ஆனால் இழைக்க ஒரு வரிசை வேண்டும், கோட்டுருவுக்கோ வரிசை இல்லை. ஒரு கணுவில் தொடங்கி அதன் அயலவர், பிறகு அயலவரின் அயலவர் என்று அகன்று செல்லும் வரிசைகளை மட்டும் எடுத்து அதை ஆக்கியோர் இதைச் சமாளித்தார்கள். தொடக்கத்தில் ஓலை பிழைத்தால் பெட்டி முழுவதும் கோணும் என்ற குறையும் உண்டு.

மற்றொரு வழி, முழுக் கோட்டுருவையும் ஒரே மூச்சில் வெளியிடுவது. அதே 2018 இல் வந்த கிராஃப்விஏஇ அப்படிப்பட்டது. மாதிரியுரு வெளியிட்ட கோட்டுருவையும் உண்மையான கோட்டுருவையும் ஒப்பிட, எந்தக் கணு எந்தக் கணுவுக்கு நேர் என்று பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பொருத்தம் கணுக்கள் பெருகப் பெருகக் கட்டுக்கடங்காமல் போகும். சிறிய மூலக்கூறுகளுக்கு அப்பால் அது அதிக தூரம் போகவில்லை.

அழிந்த கோலத்தை மீட்டெடுத்தல்

இன்று அதிகம் பேசப்படுவது மூன்றாவது வழி. என் வேலையும் இதைச் சார்ந்தது, ஆகவே பக்கச்சார்பு இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

தைப்பொங்கலன்று முற்றத்தில் போட்ட கோலத்தைக் கோழி கிளறிவிட்டது என்று வையுங்கள். ஒரு மூலை மட்டும் அழிந்திருந்தால், கோலம் அறிந்த அம்மம்மா மீதியைப் பார்த்து அந்த மூலையைச் சரியாக மீட்டுவிடுவார். பாதி அழிந்திருந்தால் அவர் போடுவது முந்தியதாகவே இருக்காது. ஆனால் கோலமாக இருக்கும். முழுவதும் அழிந்து வெறும் மாத்தூள் சிதறிக் கிடந்தால்? அங்கங்கே தற்செயலாக விழுந்த தூளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போனால், முன்பு எவரும் போடாத ஒரு கோலம் வந்து நிற்கும். கோலத்தில் புள்ளியின் இடம் முக்கியம், கோட்டுருவில் அது இல்லை. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் உவமை சரியாகவே பொருந்துகிறது.

இந்த வகைக்குப் பரவல் மாதிரியுரு என்று பெயர். தண்ணீரில் விட்ட மைத்துளி பரவிக் கலைவதை ஒத்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. கலைக்கும் திசைக்கு எந்த அறிவும் தேவையில்லை. ஓர் உண்மையான மூலக்கூறை எடுத்து, ஒவ்வொரு படியிலும் சில அணுக்களின் வகையையும் சில பிணைப்புகளின் வகையையும் தற்செயலாக மாற்றிக்கொண்டே போனால் நூற்றுக்கணக்கான படிகளுக்குப் பின் முதல் உருவத்தின் சுவடே இருக்காது. இந்தத் தற்செயல் மாற்றத்தை இரைச்சல் என்கிறோம். மீட்கும் திசையைத்தான் வலையமைப்பு கற்க வேண்டும்.

படங்களுக்கான பரவல் மாதிரியுருக்கள் ஒவ்வொரு புள்ளியின் நிறத்திலும் சிறிய எண்ணைக் கூட்டிக் குறைத்து இரைச்சல் சேர்க்கின்றன. சாம்பல் நிறத்துக்குப் பொருள் உண்டு. அரைக்கால் பிணைப்புக்குப் பொருள் இல்லை. பிணைப்பு ஒற்றையா, இரட்டையா, இல்லையா என்பதில் இடைநிலை கிடையாது. ஆகவே சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட டைகிரெஸ் என்ற மாதிரியுரு, எண்ணைக் கூட்டாமல் வகையையே மாற்றுகிறது. ஒற்றைப் பிணைப்பு இல்லாமற்போகும், காபன் நைதரசனாகும், கலைந்து முடிந்த நிலையிலும் கையில் இருப்பது ஒரு கோட்டுருவே. இதைக் கண்டபோது, இவ்வளவு எளியதா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பயிற்சியும் அப்படியே எளிமையானது. கலைந்த கோட்டுருவைக் காட்டி வலையமைப்பிடம் கேட்பது ஒரு பல்தேர்வு வினாத்தாள்தான். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வினா: இது முதலில் காபனா, நைதரசனா, ஒட்சிசனா? ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வினா: இங்கே முதலில் பிணைப்பு இல்லையா, ஒற்றையா, இரட்டையா, மூன்றா? வலையமைப்பு ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிகழ்தகவு சொல்கிறது. உண்மையான விடைக்குக் குறைந்த நிகழ்தகவு கொடுத்திருந்தால் அதன் நிறைகள் சிறிது திருத்தப்படுகின்றன. எந்தக் கணு எதற்கு நேர் என்ற பொருத்தம் இங்கே தேவையில்லை, ஏனெனில் கலைத்தவர்கள் நாமே. ஒவ்வொரு கணுவும் முன்பு என்னவாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். கிராஃப்விஏஇ முட்டிக்கொண்ட சுவரில் இப்படி ஒரு வாசல் திறந்துவிடுகிறது.

புதிதாகப் பிறப்பாக்க வேண்டுமானால், எத்தனை கணுக்கள் என்று முதலில் குலுக்கி எடுத்து, முழு இரைச்சலான கோட்டுருவில் தொடங்கி, ஒவ்வொரு படியாக மீட்டு வருகிறோம். இங்கே கவனமுள்ள வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: வலையமைப்பு முதல் உருவத்தையே ஊகிக்கிறது என்றால் ஒரே பாய்ச்சலில் அங்கே போனாலென்ன? முழு இரைச்சலைப் பார்த்து எந்த அம்மம்மாவாலும் குறிப்பாக எதையும் சொல்ல முடியாது. அந்த நிலையில் வலையமைப்பு சொல்லக்கூடியது, பொதுவாக எத்தனை வீதச் சோடிகளில் பிணைப்பு இருக்கும் என்ற சராசரியை மட்டுமே. அந்தச் சராசரியைக் கொண்டு ஒவ்வொரு சோடியையும் தனித்தனியே தீர்மானித்தால், 1959 இன் காசு சுண்டலுக்கே திரும்பிவிடுவோம். சிறிய படியாக எடுத்தால், முதற்படியில் தற்செயலாக விழுந்த இரண்டு மூன்று பிணைப்புகள் அடுத்த படிக்குச் சாட்சியாகின்றன: இங்கே மூன்று காபன்கள் வளைந்து நிற்கின்றன, வளையம் உருவாகலாம், ஆகவே நான்காவதை இங்கே வை. ஒரு தீர்மானம் மற்றொன்றைச் சார்ந்து எழுவது இப்படித்தான். தொடக்கத்தில் குலுக்கல், போகப் போக ஒழுங்கு.

நல்லதா என்று எப்படி அறிவது

படத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடலாம். கோட்டுருவைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. இந்தத் துறையில் மிகையான பேச்சுகள் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூலக்கூறுகளுக்கு மூன்று அளவீடுகள் வழக்கத்தில் உள்ளன. செல்லுபடி: காபனுக்கு நான்கு, நைதரசனுக்கு மூன்று, ஒட்சிசனுக்கு இரண்டு என்ற வலுவளவை, அதாவது ஓர் அணு ஏற்கக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கையை, மூலக்கூறு மீறாதிருக்கிறதா. தனித்தன்மை: ஆயிரம் கேட்டால் ஒன்றையே ஆயிரம் முறை தருகிறதா. புதுமை: பயிற்சிக்குக் கொடுத்ததையே திருப்பித் தருகிறதா, அதாவது ஆண்டை மாற்றி அச்சடித்த வினாத்தாளா. ஊர்கள், சமூக வலைகள் போன்ற பிற கோட்டுருக்களுக்கு, ஆக்கிய தொகுதியிலும் உண்மைத் தொகுதியிலும் கணுக்களின் படிகள் (இணைப்பு எண்ணிக்கைகள்) எப்படிப் பரம்பியுள்ளன, முக்கோணங்கள் எத்தனை என்று ஒப்பிடுவர். ஒரு கோட்டுருவை எடுத்து இது சரியா என்று கேட்பதில்லை. தொகுதியைத் தொகுதியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவீடுகளையும் யோசித்தே நம்ப வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் வரும் கியூஎம்9 என்ற தொகுதியில் ஏறத்தாழ 134,000 சிறிய மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் காபன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன் அணுக்கள் ஒன்பதுக்கு மேல் இல்லை. குறித்த சில கட்டுப்பாடுகளுக்குள் அமையக்கூடிய மூலக்கூறுகளை ஒழுங்காக எண்ணியெடுத்த பெரும் பட்டியலிலிருந்து வந்தது அது. அத்தகைய தொகுதியில் ஒரு மாதிரியுரு பட்டியலில் இல்லாத ஒன்றைத் தந்தால், அது அந்தக் கட்டுப்பாடுகளை மீறியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே உயர்ந்த புதுமை என்று மார்தட்டுவது, பாடத்திட்டத்தில் இல்லாத வினாவைக் கேட்டுவிட்டு என் தாள் புதுமையானது என்பதற்குச் சமம். நானும் தொடக்கத்தில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவன்தான்.

கணுக்கள் பெருகினால் செலவும் ஏறும். பரவல் மாதிரியுரு ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு சோடிக்கும் அந்தப் பல்தேர்வு வினாவைக் கேட்கிறது. 20 கணுக்களுக்கு 190 சோடிகள். 1,000 கணுக்களுக்கு 499,500. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை "இணைப்பு இல்லை" என்பதே. தீவுக் கோட்டுருவில்கூட 28 சோடிகளில் 20 இல் தொடுப்பு இல்லையே. இல்லாததைப் பற்றிக் கேட்பதிலேயே பெரும்பகுதி நேரம் போகிறது. அதைக் குறைப்பதுதான் இப்போது எங்களில் பலரின் வேலை.

மாமி சொன்ன மருந்துக்கு வருவோம். மூலக்கூறு செல்லுபடியாவது என்றால் வலுவளவுக் கணக்கில் பிழையில்லை என்பது மட்டுமே பொருள். அதை ஆய்வுகூடத்தில் ஆக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆக்கினால் நிலைத்து நிற்குமா, உடலில் எந்தப் புரதத்தோடு ஒட்டும், ஈரலுக்கு நஞ்சாகுமா என்பன அதற்கும் அப்பால் உள்ளவை. குறித்த ஒரு பண்பை நோக்கிச் சாய்ந்து பிறப்பாக்கும்படி மாதிரியுருவைப் பயிற்றலாம்; அப்போதும் அந்தப் பண்பை யாராவது அளந்தோ கணித்தோ கொடுத்த அளவுக்கே அது அறியும். எங்கள் பக்கத்திலிருந்து வெளியே போவது ஒரு பட்டியல். அதில் பெரும்பாலானவற்றை இரசாயனவியலாளர் ஒரு பார்வையிலேயே அடித்துவிடுவார். மிஞ்சும் சிலவற்றோடுதான் அவருடைய வேலை தொடங்குகிறது, அந்த வேலைக்கு ஆண்டுகள் எடுக்கும். பெரியப்பாவுக்கு நான் தீவுகளின் கோட்டுருவை ஒரு கடதாசிக் கைதுடைப்பானில் கீறிக் காட்டினேன். அவர் மண்டைதீவு எங்கே என்று கேட்டார்.